வீட்டு நாஸுக்கு எந்த ஓஎஸ்? 10 டிபி டிஸ்க் போட்டும் 4 டிபிகூட வரவில்லை

மாடிப்படி:
வணக்கம். வீட்டில் எல்லாரும் நெட்வொர்க் வழியாக ஃபைல் வைத்து எடுக்க ஒரு பெட்டி (நாஸ்) செய்ய ஆசை. ஆபீஸில் கழித்துக்கட்டிய டெஸ்க்டாப் ஒன்று கைக்கு வந்தது. நாலாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 120 ஜிபி எஸ்எஸ்டி. என்னிடம் 4 டிபி டிஸ்க் இரண்டு, 2 டிபி ஒன்று. ஒரு 4 டிபியில் பத்து வருட போட்டோவும் வீட்டு வீடியோக்களுமாக 2.7 டிபி, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருக்கிறது. மற்ற இரண்டும் காலி.

எல்லாரும் நாஸுக்கென்றே உள்ள ட்ரூநாஸ் ஓஎஸ் என்றார்கள், போட்டேன். எஸ்எஸ்டி முழுவதையும் அதுவே எடுத்துக்கொண்டது. மூன்று டிஸ்கையும் சேர்த்து, ஒன்று கெட்டாலும் டேட்டா தப்பிக்கும் ரெய்டுஇசட்1 போடப் போனால் 4 டிபிக்கும் கீழே காட்டுகிறது. மீதி எங்கே போனது? அதோடு, டேட்டா உள்ள டிஸ்கையும் அழிக்கப் போகிறேன் என்கிறது. நல்லவேளை, கடைசி பட்டனை அமுக்கவில்லை. ராம் வேறு எப்போது பார்த்தாலும் நிரம்பியே கிடக்கிறது. ஓஎஸ் தப்பா, நான் தப்பா?

பழைய_இரும்பு:
முதலில் அந்த 2.7 டிபி டிஸ்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் பார்த்தது எதுவும் கோளாறு இல்லை. ரெய்டுஇசட் இருப்பதிலேயே சின்ன டிஸ்கின் அளவைத்தான் எல்லா டிஸ்க்குக்கும் எடுத்துக்கொள்ளும். மூன்று இரண்டு ஆறு, அதில் ஒரு பங்கு பாரிட்டிக்கு, அதாவது ஒரு டிஸ்க் கெட்டால் மீட்க உதவும் தகவலுக்கு. மிச்சம் 4, திரையில் இன்னும் கொஞ்சம் குறைத்துக் காட்டும். ராம் நிரம்புவதும் அப்படித்தான். சும்மா இருக்கும் ராமை இசட்எஃப்எஸ் (ட்ரூநாஸின் ஃபைல் சிஸ்டம்) கேஷாக, அதாவது அடிக்கடி படிப்பதைத் தயாராக வைக்கும் இடமாக வைத்துக்கொள்ளும், வேறு யாராவது கேட்டால் விட்டுக்கொடுக்கும். ஆனால் ட்ரூநாஸ் குறைந்தபட்சம் கேட்பதே 8 ஜிபிதான். நீங்கள் வாசற்படியில் நிற்கிறீர்கள்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். வீட்டில் எத்தனை பேர் பயன்படுத்துவார்கள்? நீங்கள் ஊரில் இல்லாதபோது பெட்டி படுத்துக்கொண்டால் யார் பார்ப்பார்கள்?

மாடிப்படி:
நாலு பேர். போட்டோ போட்டுவைக்க, டிவியில் படம் பார்க்க, அவ்வளவுதான். நான் இல்லாவிட்டால் பார்க்க ஆள் இல்லை. தம்பிக்கு ஸ்க்ரூ கழற்றத் தெரியும்.

ஸ்னாப்ஷாட்_பிரியன்:
அவசரப்பட்டு ட்ரூநாஸைத் தூக்கிவிடாதீர்கள். பத்து வருட போட்டோ என்கிறீர்கள். டிஸ்கில் ஓசைப்படாமல் ஒரு பிட் கெட்டுப்போனால் இசட்எஃப்எஸ் செக்சம் (டேட்டாவிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) பார்த்துக் கண்டுபிடிக்கும், மிரர் (இரண்டு டிஸ்கிலும் ஒரே டேட்டா) இருந்தால் தானே திருத்திக்கொள்ளும். லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் அதைச் செய்யாது. 2 டிபியை விட்டுவிடுங்கள். காலி 4 டிபியில் தனி டிஸ்க் பூல் (இசட்எஃப்எஸ் சேமிப்பு இடம்) போட்டு, விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் வழியாகக் காப்பி செய்யுங்கள். கிகாபிட் லைனில் நொடிக்கு 110 எம்பி கிடைத்தால் ஏழு மணி நேரம்தான். எல்லாம் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு பழைய டிஸ்கை அந்தப் பூலில் உள்ள டிஸ்கோடு எக்ஸ்டெண்ட் ஆப்ஷனில் இணைத்தால் மிரர் ஆகிவிடும். ஈசிசி ராம் (பிழையைத் தானே திருத்தும் ராம்) இல்லாமல் கூடாது என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள். இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஓடும்.

ஒன்று மட்டும். டிஸ்க் மாடல் நம்பரைத் தேடி எஸ்எம்ஆரா (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும், எழுத மெதுவான வகை) சிஎம்ஆரா (தனித்தனித் தடம்) என்று பாருங்கள். எஸ்எம்ஆர் என்றால் டிஸ்க் மாற்றும் நாளில் அழ வைக்கும்.

கலந்துகட்டி:
வேறு வேறு அளவு டிஸ்க் என்றால் அன்ரெய்டு என்ற நாஸ் ஓஎஸ்தான். 4 பாரிட்டிக்குப் போக 4+2, மொத்தம் 6 டிபி கிடைக்கும். காசு கொடுக்க வேண்டும். ஸ்டார்ட்டர் லைசன்ஸில் ஒரு வருடம்தான் அப்டேட், அதன் பிறகும் ஓடும், ஆனால் புது வெர்ஷனுக்கு மறுபடி பணம்.

பழைய_இரும்பு:
ஸ்னாப்ஷாட் சொல்வது தப்பில்லை, நானும் ஆபீஸில் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் இவர் வீட்டில் இருப்பது ஸ்க்ரூ கழற்றத் தெரிந்த தம்பி. பெட்டி செத்தால் ஒரு டிஸ்கை உருவி, லினக்ஸ் இருக்கும் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் சொருகினால் போட்டோ தெரிய வேண்டும். நான் ஓஎம்வி போடச் சொல்வேன், அதாவது ஓப்பன்மீடியாவால்ட். அடியில் டெபியன் லினக்ஸ், 1 ஜிபி ராமிலேயே எழுந்து நிற்கும். அதை எழுதிய ஃபோல்கர் தைலெ முன்பு ஃப்ரீநாஸில் வேலை பார்த்தவர், ட்ரூநாஸின் பழைய பெயர்தான் ஃப்ரீநாஸ். ஒருவிதத்தில் பங்காளிச் சண்டை இது.

இன்ஸ்டால் செய்யும்போது எஸ்எஸ்டி கேபிள் மட்டும் மாட்டியிருக்கட்டும். இதுவும் எஸ்எஸ்டியை முழுசாகத்தான் எடுத்துக்கொள்ளும், அதற்கு வருத்தப்படாதீர்கள். பிறகு காலி 4 டிபியை எக்ஸ்ட்4 ஆக்குங்கள். என்டிஎஃப்எஸ் டிஸ்கை அழிக்காமல் அப்படியே மவுண்ட் செய்து (ஓஎஸ்ஸில் இணைத்து) ஆர்சிங்க் என்ற காப்பி கருவியை ஓட்டுங்கள். முடிந்ததும் செக்சம் ஆப்ஷனோடு இன்னொரு முறை ஓட்டிச் சரிபாருங்கள். அதற்குப் பிறகுதான் பழைய டிஸ்கை ஃபார்மட் செய்ய வேண்டும்.

ரெய்டு (பல டிஸ்கை ஒன்றாக இணைப்பது) வேண்டாம். முதல் டிஸ்கிலிருந்து இரண்டாவதுக்கு தினமும் ராத்திரி ஆர்சிங்க், டிலீட் டிக் எடுத்துவிட்டு. யாராவது தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் ரெய்டு இரண்டு டிஸ்கிலும் அந்த நொடியே அழித்துவிடும். இதில் இரண்டாவதில் பத்திரமாக இருக்கும். 2 டிபியில் போட்டோவை மட்டும் காப்பி செய்து வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

ஸ்னாப்ஷாட்_பிரியன்:
அழித்ததை மீட்க இசட்எஃப்எஸ்ஸில் ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையின் பதிவு) இருக்கிறது சார். ஆனாலும் தம்பி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி.

மாடிப்படி:
நாலு நாள் ஆச்சு. ஓஎம்வி போட்டு, காப்பி முடித்து, செக்சமும் பார்த்தாயிற்று. இப்போது புதுப் பிரச்சினை. விண்டோஸில் சர்வர் தெரிகிறது, உள்ளே போனால் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது. அட்மின் பாஸ்வேர்டுதான் போடுகிறேன். அதே பாஸ்வேர்டில் பிரவுசரில் உள்ளே போக முடிகிறது.

பழைய_இரும்பு:
அட்மின் அந்த வெப் பக்கத்துக்கு மட்டும்தான். ஷேருக்கு, அதாவது நெட்வொர்க்கில் பகிரும் ஃபோல்டருக்கு, தனியாக ஒரு யூசர் உருவாக்கி, அந்த ஃபோல்டரில் படிக்க எழுத அனுமதி கொடுங்கள். அப்புறம், பக்கத்தின் மேலே மஞ்சள் பட்டை ஒன்று நிற்கிறதா? அதில் டிக் அமுக்கும்வரை நீங்கள் மாற்றியது எதுவும் நடைமுறைக்கு வராது. விண்டோஸும் பழைய பாஸ்வேர்டைப் பிடித்து வைத்திருக்கும். கிரெடென்ஷியல் மேனேஜரில் போய் அதை நீக்குங்கள்.

மாடிப்படி:
மஞ்சள் பட்டையேதான்! மூன்று நாளாக அதை ஏதோ விளம்பரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யூசர் போட்டு டிக் அமுக்கியதும் திறந்துவிட்டது. இன்று ராத்திரி முதல் ஆர்சிங்க் ஓடும். 2 டிபி டிஸ்க் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகிறது. கரண்ட் போனால் தானாக ஷட்டவுன் ஆக யூபிஎஸ் வாங்க வேண்டும், அதற்குத் தனியாகக் கேட்கிறேன்.