தார், பிட்டுமன், அஸ்பால்ட் எல்லாம் ஒன்றா?

கார்முகில் கேட்டது:
சாலை போடும் கறுப்புச் சரக்கைத் தார் என்கிறோம், டெண்டரில் பிட்டுமன் என்று எழுதுகிறார்கள், வெளிநாட்டு வீடியோக்களில் அஸ்பால்ட், அகராதியில் நிலக்கீல். எல்லாம் ஒரே பொருள்தானா? சாலையைத் தவிர வேறு எதற்குப் பயன்படுகிறது?

ஜல்லிக்கல்:
ஒன்றில்லை நண்பரே. நிலக்கரியைக் காற்றுப் படாமல் சூடாக்கினால் வருவது தார். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் பிரித்தபின் அடியில் தங்குவது பிட்டுமன், நிலக்கீல் என்பதும் இதைத்தான். நிலக்கரித் தாரில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் மிக அதிகம் என்பதால் சாலை வேலையிலிருந்து அதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார்கள், பேச்சில் மட்டும் பெயர் நிற்கிறது. அமெரிக்கர்கள் பிட்டுமனையே அஸ்பால்ட் என்பார்கள், பிரிட்டனில் ஜல்லியும் மணலும் சேர்ந்த கலவைக்குத்தான் அந்தப் பெயர்.

அந்தக் கலவையில் பிட்டுமன் எடையில் சுமார் 5% தான், ஆனால் எல்லாவற்றையும் பிடித்து வைப்பது அதுதான். 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாகக் கலந்து, ஆறுவதற்குள் ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். ஆறவிட்டால் எத்தனை முறை உருட்டினாலும் உள்ளே காற்றிடைவெளி நிற்கும், தண்ணீர் அதில் புகுந்து ஜல்லியிலிருந்து பிட்டுமனை உரித்துவிடும், அப்புறம் குழிதான். சாலை சீக்கிரம் கெட்டால் எல்லாரும் மழையைத் திட்டுகிறார்கள், நான் முதலில் ரோலர் எப்போது ஓடியது என்றுதான் கேட்பேன்.

பழைய_ஏடு:
சாலையெல்லாம் பிற்பாடு வந்தது. மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தில் தண்ணீர் கசியாமலிருக்க நிலக்கீல் பூசியிருந்தார்கள், மெசபடோமியாவில் செங்கல்லை ஒட்டவும் படகுக்குப் பூசவும் இதுதான். நிலத்திலிருந்து தானாக ஊறி வருவதை எடுத்துக்கொண்டார்கள், டிரினிடாட் தீவின் பிட்ச் ஏரியில் இன்றும் சுமார் 40 ஹெக்டேர் பரப்பில் கிடக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது 1820களில் பிரெஞ்சுக்காரர் நீசெபோர் நியெப்ஸ் செய்தது: உலோகத் தகட்டில் நிலக்கீல் பூசிக் கேமராவுக்குள் வைத்தார், வெளிச்சம் பட்ட இடம் இறுகியது, படாத இடத்தை லாவெண்டர் எண்ணெய் கலந்த கரைசலால் கழுவியெடுத்தார். இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமரா புகைப்படம் அப்படி வந்ததுதான்.

கார்முகில்:
அருமை, இருவருக்கும் நன்றி. மொட்டை மாடியில் கசிவுக்கு ஒட்டும் கறுப்பு ஷீட்டும் இதுதானா?

ஜல்லிக்கல்:
ஆமாம், பெரும்பாலும் பாலிமர் கலந்த பிட்டுமன்தான், டார்ச்சால் சூடுகாட்டி ஒட்டுவார்கள். வெயிலில் நாளாக ஆக இறுகி வெடிக்கும், அதனால் மேலே கல்துகள் பதித்த ஷீட்டாக வாங்குங்கள், இல்லையென்றால் வெயிலைத் திருப்பும் பூச்சு அடியுங்கள். தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தின் மேல் ஒட்டினால் உப்பிக்கொண்டு கழன்றுவிடும்.