அப்பா ஊரிலிருந்து வருகிறார்: சிங்கப்பூர் மண்டாயில் ஒரே நாளில் எதைக் காட்டலாம்?

தொண்டிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் இரண்டாம் வாரம் அப்பா இரண்டு வாரத்துக்கு வருகிறார். 71 வயது, இதுதான் முதல் விமானப் பயணம். தொண்டிக்குப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் எங்களுடையது. நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். இப்போது முழங்கால் தேய்மானம். அரை மணி சேர்ந்தாற்போல் நடந்தால் எங்காவது உட்கார்ந்தாக வேண்டும்.

"கட்டடமெல்லாம் போன்லயே பாத்துட்டேன். நம்மூர்ல இல்லாத உசுரு எதையாச்சும் காட்டு" என்கிறார். விலங்குப் பூங்காக்கள் இருக்கும் மண்டாய்க்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். அங்கே இத்தனை பூங்கா இருக்கிறதே, எதற்கு டிக்கெட் எடுப்பது? டிசம்பர் மழை வேறு. கூரைக்குக் கீழே, அதிகம் நடக்காமல், அபூர்வமான விலங்குகளைப் பார்க்க எது சரி? வீடு உட்லண்ட்ஸ்.

யீஷூன் டீச்சர்:
தம்பி, யோசிக்கவே வேண்டாம், ஆற்று உயிரினங்களுக்கான ரிவர் வொண்டர்ஸ் பூங்காதான். பேரப்பிள்ளைகளோடு வருடம் முழுக்க மண்டாய்க்குப் போய் வருகிறவள் நான். விலங்குத் தோட்டம் எனக்கு உயிர். 1973-ல் அது திறந்தபோது நான் தொடக்கப் பள்ளியில் இருந்தேன். ஆ மெங் ஒராங் ஊத்தானோடு நின்று படம் எடுத்துக்கொண்ட தலைமுறை எங்களுடையது. ஆனாலும் இப்போது சொல்கிறேன், முட்டி வலி உள்ளவரை மழை நாளில் அங்கே கூட்டிப் போகாதீர்கள். டிராம் உண்டு என்றாலும் ஏறி இறங்கி நடக்க வேண்டியது நிறைய. அங்கே உள்ளரங்கு என்று பார்த்தால் ஃபிரஜைல் ஃபாரஸ்ட் மட்டும் மிக அழகு. பெரிய கூண்டுக்குள் ஒரு காட்டையே வளர்த்திருக்கிறார்கள். பழந்தின்னி வௌவால் தலைக்கு மேல் தொங்கும், சருகுமான் காலடியில் ஓடும், நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரிவர் வொண்டர்ஸில் பாதை ஏறக்குறைய சமதளம், பெரும்பகுதிக்குக் கூரை இருக்கிறது. முதலில் உலகத்து ஆறுகள் ஒவ்வொன்றாக வரும். அப்பா கடல்காரர் என்பதால் மேகோங் ஆற்றுத் தொட்டியில் நிறைய நேரம் கொடுங்கள். மேகோங் ராட்சதக் கெளுத்தி 3 மீட்டர் வரை வளரும் மீன். காட்டில் அது அழிவின் விளிம்பில் இருக்கிறது.

அடுத்து பாண்டா கூடம். உள்ளே குளிரூட்டியிருப்பார்கள், அப்பாவுக்கு ஒரு துண்டோ சால்வையோ கொண்டுபோங்கள். காய் காய், ஜியா ஜியா இரண்டும் 2012-ல் சீனாவிலிருந்து வந்தவை. 2021-ல் பிறந்த குட்டி லெ லெ, 2024 ஜனவரியில் சீனா போய்விட்டது. என் பேத்தி அன்று அழுத அழுகை! பெரியவை இரண்டும் 2027 வரை இங்கே இருக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். தூங்கிக்கொண்டிருந்தால் நகராமல் கொஞ்சம் காத்திருங்கள். மூங்கிலில் சத்துக் குறைவு என்பதால் விழித்திருக்கும் நேரமெல்லாம் தின்றாக வேண்டிய பிராணி அது.

முக்கியமானது கடைசியில் வரும் அமேசான் வெள்ளக் காடு. மழைக்காலத்தில் அமேசான் பெருகி மரங்களை மூழ்கடிக்கும்போது மீன்கள் கிளைகளுக்கு நடுவே நீந்துமாம். அதைத்தான் தொட்டியாகக் கட்டியிருக்கிறார்கள். 22 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரத்துக்குக் கண்ணாடிச் சுவர். அதற்குப் பின்னால் அரபைமா மீன்கள், கூடவே மேனட்டீகள். கடல்பசுவின் உறவு. எருமைக் கன்று பெருத்து மிதப்பது போல இருக்கும். மற்றதையெல்லாம் வேகமாக முடித்துக்கொண்டு இங்கே ஒரு மணி நேரம் மிச்சம் வையுங்கள்.

அங் மோ கியோ 138:
உட்லண்ட்ஸிலிருந்து தாம்சன் – ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் ஸ்பிரிங்லீஃப். வெளியே வந்து 138 பஸ். வாசலில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். வேண்டாம் என்பார், நீங்களாக எடுத்துவிடுங்கள். என் மாமனாரும் முதலில் மறுத்தார், பாதி வழியில் அவரே கேட்டார். படகுச் சவாரியை நம்பிப் போகாதீர்கள், இடி மின்னல் என்றால் நிறுத்திவிடுவார்கள். டிசம்பரில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும். காலை 10 மணிக்குத் திறந்ததும் உள்ளே போய்விடுவது நல்லது.

காஜாங் புளூ:
அபூர்வம்தான் வேண்டும் என்றால் மண்டாயின் இரவுப் பூங்காவான நைட் சஃபாரியில் அழுங்கு இருக்கிறதே! மிக அருகிவிட்ட சுந்தா அழுங்கு. எறும்பும் கறையானும் தின்னும் பிராணிக்குக் கூண்டில் உணவு பழக்குவதே பெரும்பாடு, 2011-ல் அங்கே குட்டியே பிறந்தது. செதிலுக்காகக் கடத்தி அழிக்கிறார்கள். இதையெல்லாம் நம் ஆட்கள் ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும்.

யீஷூன் டீச்சர்:
அழுங்கைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் டிராமில் உட்கார்ந்தபடி பார்க்க முடியாது, இருட்டில் நடைபாதையில் போக வேண்டும். பெரியவருக்கு வேண்டாம் தம்பி.

தொண்டிக்கரை:
போய் வந்தோம். டீச்சர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

பாண்டாவை அப்பா ஐந்து நிமிடம் பார்த்தார், "நல்லா வெள்ளை கறுப்பா இருக்கு" என்றார், அவ்வளவுதான். மேகோங் கெளுத்தியைப் பார்த்து எடை போட்டார், எந்த வலையில் தாங்கும் என்று கணக்குச் சொன்னார். சக்கர நாற்காலியில் அதுவரை அமைதியாகத்தான் வந்தார்.

வெள்ளக் காட்டுக் கண்ணாடி முன்னால் வந்ததும் எழுந்து நின்றுவிட்டார். "ஏப்பா, ஆவுளியாப்பா இது!" எங்கள் கரையில் கடல்பசுவுக்கு அதுதான் பெயர். நான் வாயைத் திறக்கும் முன் அவரே திருத்திக்கொண்டார். "இல்ல. வாலு வேற. நம்ம ஆவுளியாவுக்கு மீன் வாலாட்டம் ரெண்டாப் பிரிஞ்சிருக்கும். இதுக்குத் தோசைத் திருப்பி மாதிரி உருண்டையா இருக்கு." பக்கத்துப் பலகையிலும் அதேதான் போட்டிருந்தது. மேனட்டீக்கு வட்ட வால், ஆற்று நீரிலும் வாழும். கடல்பசுவுக்குப் பிளந்த வால், கடலை விட்டு வராது.

கீரை மிதந்து வந்தது, ஒன்று மேல் உதட்டால் அதை இழுத்துத் தின்றது. பிறகு மூக்கை மட்டும் நீருக்கு வெளியே நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே அப்பா சொன்னார். அக்கா கல்யாணத்துக்கு முந்தின வருடம், அவர் வலையில் ஒரு தாய் ஆவுளியா சிக்கியதாம். குட்டி வலைக்கு வெளியே சுற்றிச் சுற்றி வந்ததாம். "மேல வந்து மூச்சு விட வலை விடல. விடியறதுக்குள்ள செத்துரும்." கத்தியை எடுத்து வலையை அறுத்துவிட்டார். புது வலை, கடன் வாங்கி வாங்கியது. அம்மாவிடம் பாறையில் கிழிந்துவிட்டது என்று சொன்னாராம். இத்தனை வருடத்தில் யாரிடமும் சொல்லாததை அந்தக் கண்ணாடி முன்னால் என்னிடம் சொன்னார்.

2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகம் என்று தமிழக அரசு அறிவித்தது. அப்பாவுக்குத் தெரியும், ஊரில் கூட்டம் போட்டுச் சொன்னார்களாம். "இது இங்கனயே பொறந்ததா, புடிச்சாந்ததா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. டீச்சர், உங்களுக்குத் தெரியுமா?

யீஷூன் டீச்சர்:
படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது தம்பி. மேனட்டீ இங்கேயே குட்டி போட்டிருக்கிறது. 2014-ல் பிறந்த கனோலாவைத் தாய் ஏற்கவில்லை, பராமரிப்பாளர்கள்தான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார்கள். இங்கே பிறந்த இரண்டு ஆண் மேனட்டீகளை 2016-ல் கரீபியக் கடலில் குவாதலூப் தீவுக்கு அனுப்பினார்கள். அந்தத் தீவில் இந்த இனமே அற்றுப்போயிருந்தது, மறுபடி உண்டாக்கும் முயற்சிக்காகக் கேட்டு வாங்கினார்கள். அப்பாவிடம் அவசியம் சொல்லுங்கள்.

தொண்டிக்கரை:
சொன்னேன் டீச்சர். "கப்பல்லயா, பிளேன்லயா?" என்று கேட்டார். பிளேன் என்றதும் வெகு நேரம் யோசித்தார். ஞாயிறு அவருக்கு விமானம். சனிக்கிழமை மறுபடி போகிறோம். பாண்டா வேண்டாமாம், நேராக அந்தக் கண்ணாடிக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்.