அம்மாவுக்காக ஒரு நாவல்: மின்னூலா, பழைய புத்தகமா, ஒலிநூலா?

சென்னையில் என்னுடன் வசிக்கும் என் அம்மாவுக்கு வயது 71. கண்புரை அறுவைக்குப் பிறகும் சிறிய எழுத்துகளை வாசிக்க இயலாமல் தவிக்கிறார். அவர் இளமையில் வார இதழில் தொடராக வாசித்த மூன்று பாக நாவல் ஒன்றை வாங்கித் தர இரண்டு மாதங்களாக முயன்று வருகிறேன்.

அல்லிக்குளம் வளாகத்திலும் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையிலும் உள்ள பழைய புத்தகக் கடைகளில் தேடியதில் மூன்று பாகமும் சேர்த்து 200 ரூபாய்க்குக் கிடைத்தன. ஆனால் தாள் பழுத்து, மடிந்த ஓரங்கள் விரல் பட்டதும் உதிர்கின்றன. எழுத்தும் மிகப் பொடி. மின்னூலாக வாங்கினால் பாகத்துக்கு 250 வீதம் 750 ரூபாய் ஆகிறது. அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை, அதன் மின்பதிப்புக்கு 5 விழுக்காடு உண்டு என்பது ஒருபுறமிருக்க, படித்து முடித்தபின் சித்திக்குக் கொடுக்கவோ மறுபடி விற்கவோ முடியாத ஒன்றுக்கு இவ்வளவு விலை நியாயமில்லை என்றே கருதுகிறேன். மாதிரிப் பக்கங்களைக் கைப்பேசியில் பெரிதாக்கிக் கொடுத்துப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் அம்மாவின் கண்ணில் நீர் வடியத் தொடங்கிவிட்டது. கிளை நூலகத்தில் இரண்டாம் பாகம் இல்லை. ஒலிநூல் மாதச் சந்தாவில் மட்டுமே உள்ளது. சந்தாவை நிறுத்தினால் கேட்க முடியாது.

சந்தா இல்லாமல், ஒருமுறை பணம் செலுத்தி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி தமிழ் ஒலிநூல்களை எங்கே வாங்கலாம்?