லெப்பர்ட் கெக்கோவின் தொட்டியில் மணல் போடலாமா?

ஸ்காபரோ_வாணி:

வணக்கம். என் மகன் நெடுநாள் கெஞ்சி, போன மாதம் ஒரு லெப்பர்ட் கெக்கோ (புள்ளிகள் உள்ள ஒரு பல்லி வகை) வாங்கினான். இன்னும் குட்டிதான், வாலோடு சேர்த்து என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 20 கேலன் தொட்டி, அடியில் ஒட்டும் ஹீட் மேட் (சூடு தரும் தகடு), ஒரு பை கல்சியம் மணல் எல்லாவற்றையும் கடையில் சேர்த்தே கொடுத்தார்கள். மணலை விழுங்கினாலும் கரைந்துவிடும், உடம்புக்குக் கல்சியமும் கிடைக்கும் என்றார்கள்.

பூச்சியைக் கவ்வும்போது வாயில் மணல் ஒட்டுவது எனக்குப் புரிகிறது. ஆனால் இது சும்மா இருக்கும்போதே மணலை நக்குகிறது. இரண்டு மூன்று நாளாகக் கழிவு எதையும் காணவில்லை, சாப்பாடும் குறைந்துவிட்டது. மண் கலவை போட்டுச் செடி வைக்கலாம் என்கிறான் மகன். பேப்பர் போதும் என்கிறார் கணவர். எதை விரிப்பது? குளிர்காலம் என்பதால் நாள் முழுக்க ஹீட்டர் ஓடுகிறது, வீடே காய்ந்து கிடக்கிறது. இதுவும் அதைப் பாதிக்குமா?

கெக்கோ_குமரன்:

வாணி அக்கா, இன்றைக்கே அந்த மணல் முழுவதையும் எடுத்துவிட்டு வெறும் பேப்பர் டவலை விரியுங்கள். குட்டிக்கும் நோயாளிக்கும் அதைவிடப் பாதுகாப்பானது கிடையாது. கழிவு வந்தால் உடனே கண்ணில் படும் என்பது இன்னொரு வசதி. பழுப்பு நிறத்தில் கெட்டியாக ஒன்றும் அதன் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கட்டியும் இருந்தால் நல்ல கழிவு.

கல்சியம் மணல் என்பது பெரும்பாலும் கல்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புச் சத்து. உடம்பில் கல்சியம் குறைந்த குட்டி அதைத் தேடித் தேடி நக்கும். நிறைய உள்ளே போனால் வயிற்று அமிலம் தணிந்து செரிமானம் மந்தமாகும், மணல் கட்டிப்பட்டுக் குடலை அடைக்கும். குட்டிகளுக்கு இதை விற்பதே தவறு என்பது என் உறுதியான எண்ணம்.

நக்குகிறது என்றால் கல்சியம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கிற கிரிக்கெட் பூச்சி, மீல்வேர்ம் புழு எதுவானாலும் கல்சியத் தூளில் புரட்டிக் கொடுங்கள். யூவிபி விளக்கு (வெயில்போல் புற ஊதாக் கதிர் தருவது) இல்லாத தொட்டி என்றால் வைட்டமின் டி3 சேர்ந்த தூளும் வேண்டும். அளவை வைத்தியரிடம் கேளுங்கள், டி3 கூடினாலும் கெடுதல்தான். பூச்சி அதன் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரிதாக இருக்க வேண்டாம்.

ஆனால் மணலை மட்டும் குற்றம் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். சூடு போதாவிட்டால் டைல்ஸ் மேல் இருக்கும் கெக்கோவுக்கும் செரிக்காது. சூடான பக்கத்தில் அது படுக்கிற தரை 31 முதல் 33 பாகை செல்சியஸ், மறுபக்கம் 22 முதல் 25 இருக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் வட்டமான வெப்பமானியை நம்ப வேண்டாம், அது தரையின் சூட்டைச் சொல்லாது. தரையிலேயே வைக்கிற முனை உள்ள டிஜிட்டல் மானி வாங்குங்கள். உங்களிடம் தெர்மோஸ்டாட் (சூடு அளவு மீறாமல் நிறுத்தும் கருவி) இருக்கிறதா?

இளஞ்சூடான தண்ணீரில், வயிறு நனையும் அளவுக்கு மட்டும், பத்துப் பதினைந்து நிமிடம் நிற்க விடலாம். பக்கத்திலேயே இருங்கள். எண்ணெய், மலமிளக்கி எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியரிடம் இப்போதே நேரம் எடுத்து வையுங்கள். வயிறு உப்பினாலோ, வயிற்றுத் தோலுக்குள் கருநீலமாகத் திட்டு தெரிந்தாலோ, முக்கினாலோ, பின்கால்களை இழுத்து நடந்தாலோ காத்திருக்காமல் அன்றே கொண்டுபோங்கள். எக்ஸ்ரே எடுத்தால் மணல் தெரிந்துவிடும்.

ஸ்காபரோ_வாணி:

மிக்க நன்றி தம்பி. மணலை எடுத்துவிட்டோம். தெர்மோஸ்டாட் கிடையாது, மேட்டை நேரே பிளக்கில்தான் செருகியிருக்கிறோம். எடுப்பதற்கு முன் மகன் சமையலறை வெப்பமானியை மணல் மேல் வைத்துப் பார்த்தான், 25தான் காட்டியது. வயிற்றில் திட்டு எதுவும் இல்லை. வைத்தியர் நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

கெக்கோ_குமரன்:

அந்த 25தான் முக்கியமான தடயம். மேட்டின் சூடு தடித்த மணலைத் தாண்டி மேலே வரவில்லை. அடியில் கண்ணாடி மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகும். இப்போது மணல் இல்லாததால் நிலைமை தலைகீழாகும், தெர்மோஸ்டாட் இல்லாத மேட் 40ஐத் தாண்டி வயிற்றைச் சுட்டுவிடலாம். தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கி மாட்டும் வரை பேப்பர் டவலை மூன்று நான்கு மடிப்பாகப் போட்டு, அடிக்கடி அளந்து பாருங்கள். தெர்மோஸ்டாட்டின் முனையை மேட்டுக்கு மேலே, கெக்கோ படுக்கிற இடத்திலேயே வையுங்கள்.

மலர்_லண்டன்:

அக்கா, வீடு காய்ந்திருப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். ஈர மறைவிடம் ஒன்று அவசியம் வேண்டும். மூடியுள்ள சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் வாசல் வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்கி, உள்ளே ஈரப் பேப்பர் டவல் வையுங்கள். நடுப்பகுதியில் இருக்கட்டும். தோல் உரிக்கும் காலத்தில் அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். உரித்த தோலை அதுவே தின்றுவிடும், பயப்பட வேண்டாம். ஒவ்வொரு முறையும் விரல் நுனிகளைப் பாருங்கள். அங்கே தோல் வளையமாக ஒட்டி நின்றால் இரத்தம் ஓடாமல் விரலே விழுந்துவிடும்.

மகன் மண் கலவை கேட்பதில் நியாயம் இருக்கிறது. இதன் சொந்த இடம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா. மணல்மேடு அல்ல, பாறையும் இறுகிய மண்ணும் உள்ள வறண்ட நிலம். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிபோல் விரலில் ஒட்டும் திண்டு கிடையாது, தரையில் நடந்து தோண்டுகிற உயிர். வளர்ந்த என் பெண் கெக்கோவுக்கு உரம் கலக்காத மேல்மண் ஏழு பங்கு, விளையாட்டு மணல் மூன்று பங்கு கலந்து, நனைத்து அழுத்திக் காயவிட்டுப் போட்டிருக்கிறேன். விடிய விடியத் தோண்டுகிறாள், அதைப் பார்க்கவே மனம் நிறைகிறது.

கெக்கோ_குமரன்:

மலர் அக்கா சொல்வது வளர்ந்த, நோயில்லாத கெக்கோவுக்குச் சரி. எனக்கென்னவோ டைல்ஸ்தான் பிடிக்கும். சொரசொரப்பான ஸ்லேட் கல் சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும், நகமும் தேயும். அதோடு தோண்டுவதற்கு ஒரு பெட்டியில் மண் வைத்தால் போதும். முழுக்க மண் போடுவதென்றால் ஹீட் மேட் உதவாது, மேலிருந்து சூடு தரும் விளக்குக்கு மாற வேண்டும், அதற்கும் தெர்மோஸ்டாட் வேண்டும். கார்ப்பெட் விரிப்பு வேண்டாம், நகம் சிக்கும், கிருமி சேரும். தேவதாரு, பைன் மரத்தூளும் வால்நட் ஓட்டுத் தூளும் கூடவே கூடாது.

மகனிடம் இதைச் சொல்லுங்கள்: ஒழுங்காகச் சாப்பிட்டு, கழிவு சீராக வந்து, வால் பருத்து, உடம்பு முழு வளர்ச்சி அடையும் வரை, அதாவது ஏறக்குறைய ஒரு வயது வரை, பேப்பர் டவல். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் வாழ்கிற உயிர் இது, செடி வைக்க நிறைய நேரம் இருக்கிறது. தூக்கிய பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். நாளைக்கு வைத்தியரிடம் போகும்போது தொட்டியின் படம் ஒன்றும், அந்த மணல் பையின் படம் ஒன்றும் எடுத்துக்கொண்டு போங்கள்.