பவுன்ஸ் ரேட்: ‘துள்ளல் வீதம்’ பொருந்துமா?

> ‘துள்ளல் வீதம்’ என்றே வைக்கலாம். சுருக்கமாக இருக்கிறது.

வணக்கம் அண்ணா. இணையதளத்துக்கு வந்து எதையும் தொடாமல் போய்விடும் வருகைகளின் வீதம்தான் பவுன்ஸ் ரேட். அதற்கு நீங்கள் சொன்ன தமிழ்ச் சொல் சுருக்கம், சரிதான். ஆனால் துள்ளல் என்றதும் நமக்குக் கன்றுக்குட்டியும் கலிப்பாவும்தான் நினைவுக்கு வரும். வந்தவர் அப்படிப் போய்விடுவதற்கு அது ஒட்டவில்லை.

வேலூர் காந்தி ரோடு பக்கம் லாட்ஜ்களுக்குத் தளம் செய்து கொடுக்கிறேன். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு வரும் வங்காளக் குடும்பங்கள் காட்பாடியில் இறங்கி, தோளில் பையோடு ஒவ்வொரு லாட்ஜ் வாசலிலும் நின்று கேட்பார்கள்: நாள் வாடகை எவ்வளவு, சமைத்துக்கொள்ளலாமா, ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாமா? சரிப்படாவிட்டால் அடுத்த வாசல். “வாசலோடு திரும்பிட்டாங்க” என்பார் முதலாளி. தளத்தில் நடப்பதும் அதேதான். அதனால் ‘வாசல் திரும்பல் வீதம்’ என்று முன்வைக்கிறேன்.

பவுன்ஸ் ரேட்டுக்கு ‘இழப்பு வீதம்’ என்ற சொல்லும் வேண்டவே வேண்டாம். தள வருகைகளை எண்ணித் தரும் கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய கணக்கில் ஒரே பக்கத்தோடு போனாலே பவுன்ஸ். அதன் இப்போதைய பதிப்பான ஜிஏ4-ல் 10 நொடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, முக்கியம் என்று நாம் குறித்துவைத்த செயலைச் செய்தாலோ அந்த வருகை பவுன்ஸில் சேராது. வாடகையையும் போன் எண்ணையும் முதல் பக்கத்திலேயே பளிச்சென்று வைத்தால், சட்டென்று எண்ணைக் குறித்துக்கொண்டு வேறு போனிலிருந்து அழைப்பவரும் கணக்கில் திரும்பியவர்தான். சாயங்காலம் அவரே வந்து ரூம் எடுப்பார். அவரை எப்படி இழப்பு என்பது?

‘விலகல்’ நல்ல சொல். எத்தனை பக்கம் பார்த்திருந்தாலும் கடைசியாகப் பார்த்த பக்கத்திலிருந்து வெளியேறுவதை அளக்கும் எக்ஸிட் ரேட்டுக்கு அதை வைத்துக்கொள்வோம்.

> அப்படியானால் லேண்டிங் பேஜ் ‘வாசல் பக்கம்’ ஆகுமே?

வேண்டாம் அக்கா. காட்பாடி லாட்ஜ், ஆற்காடு லாட்ஜ், ராணிப்பேட்டை லாட்ஜ் என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒரே சரக்கைப் பல பக்கமாகக் கட்டி, எல்லோரையும் ஒரே இடத்துக்கு இழுக்கிறார்களே, அந்த டோர்வே பேஜுக்குத்தான் ‘வாசல் பக்கம்’ பொருந்தும். கூகுள் அதை ஸ்பாம் என்றே வகைப்படுத்துகிறது. விளம்பரத்தைத் தட்டியதும் வந்து சேரும் பக்கத்துக்கு ‘வருகைப் பக்கம்’ போதும்.

‘வாசல்’, ‘திரும்பல்’ இரண்டின் சொற்புணர்ச்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். சேர்த்து எழுதினால் ‘வாசற்றிரும்பல்’ ஆகிவிடும், லாட்ஜ்காரருக்குப் புரியாது. பிரித்தே எழுதலாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இந்த மாத அறிக்கையிலேயே போட்டுவிடுகிறேன்.