மெல்பேர்ணில் கண்ட அழுங்கு

மாங்குளத்தான்:
மகளிடம் மெல்பேர்ண் போயிருந்தபோது, கங்காரு பார்க்காமல் திரும்பினால் சந்திக் கடையில் பகிடி பண்ணியே கொன்றுவிடுவார்கள் என்றேன். ஹீல்ஸ்வில் என்ற இடத்துக்குக் காரில் கூட்டிப்போனார்கள். அந்நாட்டு விலங்குகளுக்கென்றே 1934இல் திறந்த இடம். சிங்கம், ஒட்டகச்சிவிங்கி என்று ஒன்றும் கிடையாது.

கங்காரு நம் கட்டாக்காலி மாடுபோல நிழலில் கிடந்தது. கொவாலா நித்திரை. சரி, படம் எடுத்துவிட்டு நடந்தோம்.

பிளற்றிப்பஸ் இருந்த அறை ஒரே இருட்டு. இரவில் திரியும் பிராணி என்பதால் பகலையே இரவாக்கி வைத்திருக்கிறார்கள். நாயளவு இருக்குமென்று நினைத்திருந்தேன். தொட்டிக்குள் சுழன்றது ஒரு முழம்தான் இருக்கும். வாத்துச் சொண்டு, நீர்நாய் மயிர், தட்டை வால். கண்ணை மூடிக்கொண்டு அடிமண்ணைக் கிளறியது. இரை அசையும்போது எழும் மெல்லிய மின்சாரத்தைச் சொண்டே பிடித்துவிடுமாம். முட்டையிட்டுப் பாலும் கொடுக்கிறது, ஆனால் முலைக்காம்பு இல்லை. தோலில் கசிவதைக் குட்டி நக்கிக் குடிக்கும். ஆணின் பின்காலில் நஞ்சு முள் வேறு. 1799இல் இதன் பதப்படுத்திய உடலைப் பார்த்த ஆங்கிலேய விஞ்ஞானி ஜோர்ஜ் ஷோ, யாரோ சொண்டை ஒட்டி ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்பட்டார். அந்த மனிசனில் பிழையில்லை.

வெளியே வந்தால் எக்கிட்னா. "முள்ளம்பன்றி" என்றேன்.

"இல்லை அம்மப்பா, இதுவும் முட்டை போடுற சாதி" என்றான் பேரன்.

முள்ளம்பன்றிக்குக் கொறிக்கிற பல் உண்டு. இதற்குப் பல்லே இல்லை. மூக்கை மண்ணில் குத்தி, நாக்கால் எறும்பை இழுத்தபடி ஆடி ஆடி வந்தது. அந்த வேலையை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். நம் அழுங்கு! அதற்கும் பல் இல்லை, நீண்ட நாக்கு, எறும்பும் கறையானும்தான் சாப்பாடு. முள்ளுக்குப் பதில் செதில். இரண்டுக்கும் சொந்தபந்தம் கிடையாது, ஒரே தொழில்.

"அழுங்கெண்டா என்ன?" என்றான் பேரன். ஒருமுறை சைக்கிள் லைற்றில் கண்டதை வைத்துக் கையால் காட்டினேன். அவனுக்கு விளங்கவில்லை. வரும்போது இரண்டு நாணயக் குற்றிகள் தந்தான்: 5 சதத்தில் எக்கிட்னா, 20 சதத்தில் பிளற்றிப்பஸ்.

நெடுங்கேணி ரீச்சர்:
அண்ணை, எங்கள் வளவுக்கு மாரியில் ஓர் அழுங்கு வந்தது. நாய் விடாமல் குரைக்க, ரோர்ச்சோடு போனோம். பாலை மரத்தடிப் புற்றுக்குப் பக்கத்தில் பலாக்காய்போல உருண்டு கிடந்தது. நாய் புரட்டிப் புரட்டிக் கடித்தும் பல் இறங்கவில்லை. நாயைக் கட்டிவிட்டு, மூச்சுக் காட்டாமல் நின்றோம். கனநேரத்துக்குப் பிறகு முதலில் மூக்கு, அப்புறம் ஒரு கண். முன்கால் நகத்தை உள்ளே மடித்து, புறங்கையால் நடப்பதுபோல் காட்டுக்குள் போனது. செதில் என்பது நம் நகம் மாதிரிப் பொருள்தான், அதற்காகத்தான் கொல்கிறார்கள். 2017 முதல் எட்டு இன அழுங்குகளையும் நாடுவிட்டு நாடு விற்க உலகத் தடை இருக்கிறது. இருந்தும் இங்கே இறைச்சிக்கு விலை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஓமந்தைப் பொடியன்:
நான் கண்டது தேவாங்கு. வேலிக் கிளுவையில் இரண்டு கண் மட்டும் நெருப்பாய் எரிந்தது. பேய் என்று ஓடியதில் ஒரு செருப்புப் போய்விட்டது.

மாங்குளத்தான்:
ரீச்சர், அந்த அழுங்கின் படம் இருக்கா? பேரனுக்கு அனுப்பவேணும்.

நெடுங்கேணி ரீச்சர்:
நாயைப் பிடிக்கிற அவதியில் படம் எங்கே அண்ணை?