கோதுமை வயலில் குளிர்கால ரேப்சீட்: எப்போது விதைப்பது, மண்ணுக்கு என்ன லாபம்?

வரப்பு:
வடக்கு ஜெர்மனி, களி கலந்த மண். கோதுமைக்குப் பின் கோதுமையே போட்டு மகசூல் இறங்கிவிட்டது. இடையில் ரேப்சீட் (கடுகு இனத்து எண்ணெய்வித்து) போடச் சொல்கிறார்கள். கோதுமை அறுப்பு ஆகஸ்ட்டில்தான் முடியும். செப்டம்பர் நடுவில் விதைக்கலாமா? விதை எவ்வளவு?

ஏர்முனை:
செப்டம்பர் நடு ரொம்பத் தாமதம். ஆகஸ்ட் 15–25க்குள் விதை மண்ணுக்குள் போயாக வேண்டும். அதனால்தான் கோதுமை, அடுத்து ஜூலையிலேயே அறுப்புக்கு வரும் குளிர்கால பார்லி, அதன் பின் ரேப்சீட் என்று வரிசை வைப்பது. உறைபனிக்கு முன் 8–10 இலை, பென்சில் தடிமனுக்கு வேர்க்கழுத்து (தண்டும் வேரும் சேரும் இடம்), ஒரு சாண் ஆணிவேர் வந்துவிட்டால் −15 டிகிரியையும் தாங்கும்.

ஹைப்ரிட் என்றால் சதுர மீட்டருக்கு 45 விதை; ஆயிரம் விதை 5 கிராம் இருந்தால் ஹெக்டேருக்கு 2.25 கிலோ. ஆழம் 2 செ.மீ. பயந்துகொண்டு கூட்டிப் போடாதீர்கள். நெருக்கத்தில் செடி எம்பும். குருத்து தரைக்கு மேல் 3 செ.மீ. தாண்டினால் பனி அதைத்தான் முதலில் கருக்கும்.

பசுந்தாள்:
இலையைப் பொத்தலாக்கும் தெள்ளு வண்டை விட்டுவிட்டீர்களே! 2013 இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் நியோனிகோட்டினாய்டு என்ற பூச்சிமருந்து விதைநேர்த்திக்குத் தடை போட்ட பின் பெரிய தலைவலி இதுதான். 4 இலை வரை, இலைப்பரப்பில் 10 சதவீதத்துக்கு மேல் பொத்தல் விழுந்தால் மட்டும் மருந்து. பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தையே திரும்பத் திரும்ப அடித்துப் பல இடங்களில் வண்டு சாவதில்லை. நவம்பரில் அடியிலைக் காம்பை நகத்தால் பிளந்து பாருங்கள். கருந்தலை வெள்ளைப் புழு தெரிந்தால் வண்டு ஏற்கெனவே முட்டையிட்டிருக்கிறது.

வசந்தத்தில் தழைச்சத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள், கூடவே ஹெக்டேருக்கு 30–40 கிலோ கந்தகம். கந்தகம் குறைந்தால் இளம் இலை கிண்ணம்போல் குவியும், பூ மஞ்சள் வெளிறி வெள்ளையாகும்.

வரப்பு:
நன்றி. பார்லி வழியாகவே வருகிறேன். மண்ணுக்கு லாபம் என்பது உண்மையா?

ஏர்முனை:
உண்மை, ஆனால் அது அடுத்த கோதுமையில்தான் தெரியும். ஆணிவேர் துளைத்த வழியில் கோதுமை வேர் இறங்கும். கோதுமையின் வேரழுகல் தொடர்ச்சியும் அறும். கோதுமைமேல் கோதுமையைவிட ஹெக்டேருக்கு அரை டன்னாவது கூடும்.

ரேப்சீட்டை அறுத்த கையோடு உழவேண்டாம். சிந்திய விதை ஆழத்தில் போனால் உறங்கிக் கிடந்து பல வருஷம் கழித்துக்கூட முளைக்கும். 2–3 வாரம் மேலேயே முளைக்கவிட்டு, பிறகு மேலாகக் கீறி அழியுங்கள். அதற்குமேல் விட்டாலும் வம்பு: கிளப்ரூட் (வேர் வீங்கும் நோய்) கிருமி அந்தத் தானே முளைத்த செடியின் வேரிலேயே பெருகும். புளிப்பு மண்ணில் சுண்ணாம்பு போட்டாலும், அதே வயலுக்கு ரேப்சீட் திரும்ப 4 வருஷமாவது ஆகட்டும்.